வாசனை இல்லாத காற்று

ஒரகடத்தில் உங்கள் தொழிற்சாலை கேன்டீனில் ஒரு கேள்விப் பெட்டி வைக்கப் போகிறீர்களாம். வானம், பூமி, அன்றாட அறிவியல் என்று தொழிலாளர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாமாம். பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் மாறி மாறிப் பதில் எழுதுவீர்களாம். இந்த வேலையை நான் முன்பே செய்திருக்கிறேன் என்று யாரோ சொல்லி, "உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் சார், எங்களுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று கேட்டிருந்தீர்கள். எழுதிக் கொடுக்கிறேன். ஊக்கமாக இருக்காது.

1991ஆம் வருஷம். மண்ணூர் போகிற சாலையில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் டேங்க் செய்து கொடுப்பது அதன் தொழில். நான் அங்கே கெமிஸ்ட். வயது இருபத்தாறு. தகடு வந்தால் அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பேன், தண்ணீரைச் சோதிப்பேன், மிச்ச நேரம் சும்மா இருப்பேன். நீங்கள் இப்போது பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அப்போது நெல் வயல். அதை நினைத்து நான் ஒன்றும் உருகவில்லை, சும்மா இடம் தெரிவதற்காகச் சொல்கிறேன். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்றாலே வெளியூர்க்காரர்கள் வேறு ஒரு சாவைப் பற்றித்தான் கேட்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் நடந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எங்கள் பர்சனல் ஆபீசர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். போனவர் சும்மா வரவில்லை. தொழிலாளர்களின் அறிவை வளர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தார். கேன்டீன் வாசலில் ஒரு காலி பிஸ்கட் டின்னைத் துளை போட்டு, பூட்டும் போட்டு மாட்டினார். பக்கத்தில் ஒரு பலகை. கேள்வியைச் சீட்டில் எழுதி டின்னில் போட வேண்டும், பெயர் போட வேண்டாம், வாராவாரம் திங்கட்கிழமை பதில் பலகையில் ஒட்டப்படும். பெயர் போடச் சொன்னால் கூச்சப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான். பதில் எழுத ஆள் வேண்டும். சும்மா இருப்பவன் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லி டின்னின் சாவியை என்னிடம் கொடுத்தார்.

முதல் வாரம் பதினோரு சீட்டு விழுந்தது. சாம்பாரில் பருப்பு எங்கே, ஓ.டி. பட்டியலில் ஏன் அதே நாலு பேர், இரண்டாவது ஷிப்ட் பஸ் ஏன் பாதி வழியில் நிற்கிறது. ஆபீசர் முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலையே பலகையின் மேல் ஒரு தாளை ஒட்டினார். கம்பெனி சம்பந்தப்பட்ட கேள்விகள் ஏற்கப்பட மாட்டா, பொது அறிவுக் கேள்விகள் மட்டுமே.

அதற்கு அடுத்த வாரம் ஒரே ஒரு சீட்டு. 'பஸ்ஸில் போகும்போது நிலா ஏன் கூடவே வருகிறது?'

எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்துப் புளியமரம் சட்டென்று பின்னால் போகிறது, தூரத்து மலை மெதுவாக நகர்கிறது, இன்னும் தூரத்தில் இருப்பது இன்னும் மெதுவாக நகர்கிறது என்று எழுதினேன். நிலா இருக்கும் தூரத்துக்கு நம் பஸ் மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போவதெல்லாம் ஒரு நகர்வே இல்லை, அது இருக்கும் திசை மாறுவதே தெரியாது, இடம் மாறாமல் நிற்பதைத்தான் கூட வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். இப்போது படித்தாலும் அது நல்ல பதில்தான். காலையில் மரப் பெஞ்சைவிட இரும்பு நாற்காலி ஏன் சில்லென்றிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன, இரும்பு நம் உடம்புச் சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றேன். பால் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்குவதில்லை என்று ஒருவர் கேட்டார். பாலின் மேல் படியும் ஆடை ஆவியை வெளியே விடாமல் மூடிக்கொள்வதைச் சொன்னேன். பஸ்ஸில் எனக்கு 'போர்டு சார்' என்று பெயர் வந்துவிட்டது. ஏறியதும் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். இருபத்தாறு வயதில் அந்த மரியாதை தலைக்கு ஏறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆவணி மாதம் ஒரு சீட்டு வந்தது. 'தண்ணீர் எந்தெந்தக் காரணங்களால் சிவப்பாக மாறும்?' நான் செம்மண்ணைச் சொன்னேன், இரும்புத் துருவைச் சொன்னேன், சில நீர்ப்பாசிகளைச் சொன்னேன், இடம் மிச்சம் இருந்ததால் சாயங்கால வெளிச்சத்தையும் சொன்னேன். பதில் ஒட்டிய அன்றே மெயின்டனன்ஸ் போர்மேன் ஆய்வகத்துக்கு வந்தார். முப்பது வருஷ சர்வீஸ். தொழிற்சாலையில் எனக்கு உருப்படியாக எதையாவது சொல்லிக் கொடுத்த ஒரே மனிதர் அவர்தான். கையில் ஒரு டம்ளர் சிவப்புத் தண்ணீர். அதை என் மேசைமேல் வைத்தார்.

"தம்பி, அவன் உன்கிட்ட பாடம் கேக்கல. வெல்டிங் ஷெட்டுல குடிக்கிற தண்ணி டேங்க்கு துருப்புடிச்சி கீதுன்னு சொல்றான். நேரா எழுதுனா உங்க ஆபீசரு கிழிச்சிப் போட்டுடுவாரு. அதான் சுத்தி வளைச்சி கேக்குறான். கேள்விய அப்புறம் படி. கேட்டவன் எங்க நின்னுகினு கேக்கறான்னு மொதல்ல பாரு."

டேங்க்கைக் கழுவ ஏற்பாடு செய்தார். நான் சிரித்தேன். அன்று மாலை பஸ்ஸில் அதை ஒரு தமாஷாகச் சொல்லி நாலு பேரைச் சிரிக்கவும் வைத்தேன். கம்பெனி விஷயம் கேட்கக் கூடாது என்று வாயை அடைத்ததும், ஜனங்கள் அதற்கு இயற்கை வேஷம் போட்டு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்தது. தமாஷாகப் புரிந்தது.

பத்து நாள் கழித்து அந்தச் சீட்டு வந்தது. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். முத்து முத்தான கையெழுத்து. 'வாசனை இல்லாத காற்று நல்ல காற்றுதானே? அதைச் சுவாசித்தால் உடம்புக்கு எதுவும் ஆகாதே?'

போர்மேன் சொன்னது ஞாபகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. கேட்டவன் எங்கே நிற்கிறான் என்று யோசித்தேன். எங்கள் ஆட்களின் கையெழுத்து எனக்குத் தெரியும். இரண்டு மாதமாகப் படிக்கிறேன். இவ்வளவு அழகாக எழுத அங்கே யாரும் இல்லை. யாரோ பள்ளிக்கூடத்தில் படிக்கும் தன் பெண்ணின் வீட்டுப்பாடத்தைப் போட்டிருக்கிறார் என்று தீர்மானித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பெண்ணுக்கு எழுதுகிற பதிலைத்தான் எழுதினேன்.

'ஆம். தூய காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூக்கு என்பது இயற்கை நம் முகத்தில் நிறுத்தியிருக்கும் காவல்காரர். கெட்ட காற்று வந்தால் உடனே மணி அடித்துவிடுவார். அவர் சும்மா இருந்தால் நீங்கள் பயமில்லாமல் மூச்சு விடலாம்.'

ஐந்து வரிக்குள் அடங்கிவிட்டது. வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயுக்கள் உண்டு என்று எனக்குத் தெரியாதா? கல்லூரியில் அதே கேள்விக்குப் பரீட்சை எழுதி மார்க் வாங்கியவன்தான். ஒரு சின்னப் பெண்ணை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். காவல்காரர் என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்பதும் உண்மை. அந்தச் சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை.

இப்போது எங்கள் டேங்க்கைப் பற்றி இரண்டு வார்த்தை. எவர்சில்வர் தகட்டை வெளியிலிருந்து வெல்டிங் செய்யும்போது உள்பக்கம் கறுத்துப்போகும். கறுத்தால் பால் பண்ணைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் டேங்க்குக்குள் ஆர்கான் என்ற வாயுவை நிரப்பிவிட்டு வெல்டிங் செய்வார்கள். ஆர்கான் எதோடும் சேராது, எரியாது, நாறாது. நாம் விடுகிற மூச்சுக் காற்றிலேயே கொஞ்சம் இருக்கிறது. விஷமே இல்லை. ஆனால் காற்றைவிடக் கனமானது. டேங்க்கின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். அதற்கு முன் சின்ன டேங்க்குகள்தான் செய்துகொண்டிருந்தோம், ஆள் உள்ளே போக வேண்டியதில்லை. அந்த வருஷம்தான் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய டேங்க் ஆர்டர் வந்தது. வெல்டிங் முடிந்ததும் மேலே இருக்கும் வட்ட ஓட்டை வழியாக வெல்டர் உள்ளே இறங்கி, வெல்டிங் தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வெல்டர் பெயர் சூசை. மண்ணூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். அவர் போட்ட தையலில் விரலை ஓட்டினால் எங்கே தகடு முடிந்து எங்கே வெல்டிங் தொடங்குகிறது என்று தெரியாது. அவருடைய மனைவியின் தம்பி தாமஸ் அதே ஷெட்டில் பிட்டர். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வருவார்கள்.

பதில் ஒட்டி மூன்றாவது வாரம், காலை டீ நேரம். கேட்டில் லாரி வந்து நின்றிருந்தது. டேங்க் அன்றே போக வேண்டும். ஷெட்டிலிருந்து தாமஸின் சத்தம் கேட்டது. ஆய்வகம் அடுத்த கட்டிடம், ஓடினேன். தாமஸ் டேங்க்கின் மேல் நின்று ஓட்டையில் ஒரு காலை விட்டிருந்தார். நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். அடியில் சூசை ஒருக்களித்துப் படுத்திருந்தார். டார்ச் எரிந்துகொண்டே கிடந்தது. ஆர்கான் குழாய் இன்னும் உள்ளேதான் இருந்தது, உஸ் என்று சத்தம் கேட்டது.

தாமஸின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். இறங்காதே, உள்ளே காற்று இல்லை என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். கோபத்தில் இல்லை, புரியாமல் பார்த்தார்.

"ஒரு நாத்தமும் இல்லியே சார். நல்ல காத்துதான் கீது. நீதானே சார் போர்டுல எழுதுன?"

நான் பெல்ட்டை விடவில்லை. அவர் திமிறினார், என் வாயில் முழங்கையால் இடித்தார், மாமா உள்ள கீறாரு, வுடு சார், வுடு என்று கெஞ்சினார். கீழே நின்றவர்களிடம் கத்தி இரண்டு பேரை மேலே வரச் சொல்லி அவரைப் பிடித்துக்கொள்ள வைத்தேன். போர்மேன் ஓடிவந்து ஆர்கானை மூடினார். பெரிய காற்றுக் குழாயை இழுத்துவந்து டேங்க்குக்குள் தொங்கவிட்டுத் திறந்துவிட்டார். கயிற்றில் கொக்கி கட்டி, மேலிருந்தே சூசையின் பெல்ட்டில் மாட்டப் பார்த்தார். மாட்டியது, நழுவியது, மறுபடி மாட்டியது. எத்தனை நிமிஷம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. தாமஸ் அவ்வளவு நேரமும் என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தார். மேலே தூக்கியபோது சூசையின் உடம்பு சூடாகத்தான் இருந்தது. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே போகும் முன்பே முடிந்துவிட்டது என்றார்கள்.

நீங்கள் வேலைக்குப் புதியவர்கள், ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஆள் விழுந்திருக்கும் இடத்தில் இன்னொரு ஆளை இறங்க விடாமல் பிடித்து நிறுத்துவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான காரியம். எல்லாரும் உங்களைக் கல்நெஞ்சன் என்பார்கள். பிடித்துக்கொள்ளுங்கள். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. தாமஸ் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் மூக்கு மணி அடிக்கவில்லை, ஏன் மூச்சு முட்டவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பலகையில் ஒட்ட வேண்டிய கேள்வி. தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்தால் தவிக்கிறோமே, அந்தத் தவிப்பு ஆக்ஸிஜன் குறைவதால் வருவதில்லை. நாம் வெளியே விட வேண்டிய கரியமில வாயு உள்ளே சேர்வதால் வருகிறது. உடம்பு எண்ணுவது அதைத்தான். ஆர்கான் நிரம்பிய இடத்தில் மூச்சு வழக்கம்போல உள்ளே போகிறது, வழக்கம்போல வெளியே வருகிறது, கரியமில வாயுவும் ஒழுங்காக வெளியேறிவிடுகிறது. உடம்புக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். இரண்டு மூன்று மூச்சில் நினைவு போய்விடும், விழப்போகிறோம் என்றுகூடத் தெரியாது. இதையும் ஐந்து வரியில் எழுதியிருக்கலாம். எண்ணிப் பார்த்திருக்கிறேன், முடியும்.

மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதாக இருந்தது. காலையில் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, பலகையிலிருந்து அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். மற்றவை இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கின்றன என்றார். எடுத்தேன். நாலு மூலையிலும் குண்டூசி இருந்தது, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எடுத்த இடம் காலியாகத் தெரியக் கூடாதென்று நிலாவைக் கொஞ்சம் நகர்த்திக் குத்தினேன். ஆய்வாளர் கேன்டீனுக்கு வந்தபோது பலகையைப் படித்தார். நல்ல முயற்சி என்றார்.

பிறகு ஆபீசர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு டைப் அடித்த தாளைக் கொடுத்தார். இறந்தவர் உட்பட அனைவருக்கும் காற்று, வாயுக்கள் முதலிய விஷயங்கள் கேள்வி பதில் பலகை வழியாகத் தொடர்ந்து விளக்கப்பட்டு வந்தன என்றும், எச்சரித்தும் கேளாமல் தன் அஜாக்கிரதையால் தொட்டிக்குள் இறங்கினார் என்றும் அதில் இருந்தது. விளக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போர்மேன் எனக்கு முன்பே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வெளியே வந்து அவரைக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு ரிட்டையராக இரண்டு வருஷம்தான் பாக்கி தம்பி என்றார். உள்ளே போய் நானும் போட்டேன். எனக்கு முப்பத்திரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூசையின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெளிவாகத் தெரியவில்லை. யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தாமஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் யாரென்று சொன்னேன்.

"போர்டு சாருங்களா" என்றார் ஸ்டெல்லா. பிறகு சாதாரணமாகச் சொன்னார். "அந்தச் சீட்ட எழுதுனது நான்தான் சார். அவருக்கு எழுத்து கோணலா வரும், வெக்கப்படுவாரு. நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். டேங்க்கு உள்ள தலைய வுட்டாலே கிர்ருனு வருது, ஆனா ஒரு நாத்தமும் இல்ல ஸ்டெல்லான்னு சொல்லிக்கினே இருந்தாரு. சூப்பர்வைசர கேட்டா, நாஸ்தா துன்னாம வந்தா அப்படித்தான் இருக்கும்னுட்டாராம். சரி, போர்டு சார கேட்டுடலாம்னாரு. கம்பெனி பேச்சு எழுதக் கூடாதாமே? அதான் நான் பொதுவா கேக்குற மாதிரி எழுதிக் குடுத்தேன்."

எனக்குத் தெரிந்த விஷயத்தையே கேட்டேன். பதிலைப் பார்த்தாரா என்றேன்.

"பாத்தாரு சார். அன்னிக்கி சிரிச்சிக்கினே வூட்டுக்கு வந்தாரு. அதுக்கு மின்னாடி தெனமும் பயந்துகினுதான் போவாரு. சாரே சொல்லிட்டாரு, இனிமே பயம் இல்லன்னாரு."

அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கணவர் கடைசியாகச் சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொன்னார், அவ்வளவுதான். திட்டு வாங்கப் போனவனுக்கு அது கிடைக்கவில்லை.

பிறகு தான் கேட்க நினைத்ததைக் கேட்டார். கம்பெனியில் அஜாக்கிரதை என்று எழுதியிருப்பது ஊருக்குள் வந்துவிட்டது. வந்த கையோடு அது சூசை குடித்துவிட்டு இறங்கினார் என்று மாறிவிட்டது. அவர் குடியைத் தொட்டதே இல்லை. கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட இளக்காரமாகப் பார்க்கிறார்கள்.

"அவரு கேட்டாரு சார். கேக்காம எறங்கல. அத மட்டும் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லுங்க. வேற எதுவும் வாணாம். சீட்டுல பேர் இல்லியேன்னு சொன்னாங்கன்னா, நான் வந்து எதிர்லயே எழுதிக் காட்றேன். ஒரே எழுத்துன்னு தெரிஞ்சிடும் இல்ல?"

தெரிந்துவிடும் என்றேன். சொல்கிறேன் அம்மா, கட்டாயம் சொல்கிறேன் என்றேன். அந்த நிமிஷம் சொல்லத்தான் நினைத்தேன். சீட்டு என் மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், இதற்குப் பிறகு சொல்ல எனக்கு வாய் வராது. ஒருவர் கேள்வி கேட்டால் விஷயம் தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிப் பேர் விஷயம் தெரிந்துதான் கேட்கிறார்கள். ஏதோ தப்பாக இருக்கிறது என்று அவர்கள் உடம்பு சொல்லிவிட்டது. இல்லை, எல்லாம் சரிதான் என்று படித்தவன் ஒருவன் சொல்வானா என்று பார்க்கிறார்கள். சூசைக்கு இருந்தது சரியான பயம். அந்தத் தொழிற்சாலையில் உருப்படியாக இருந்த பாதுகாப்பு ஏற்பாடு அது ஒன்றுதான். அதை நான் எடுத்துவிட்டேன், நல்ல தமிழில். உங்கள் பெட்டியில் பெயர் வேண்டாம் என்று வைத்திருக்கிறீர்களே, அது இருக்கட்டும். ஆனால் பதில் எழுதும் முன் அந்த ஆளைத் தேடிப் போங்கள். ஷெட்டுக்கு ஷெட் நடந்து, யாரப்பா இதைக் கேட்டது, எதைப் பார்த்துவிட்டுக் கேட்டாய் என்று கேளுங்கள். சொல்ல மாட்டார்கள். மறுபடி போங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பதில் எழுதாதீர்கள். பலகை காலியாகக் கிடந்தால் யாரும் சாக மாட்டார்கள்.

கம்பெனி விஷயம் கேட்கக் கூடாது என்று யாராவது தாள் ஒட்டினால், அன்றே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை ஆபீசரிடம் பேசலாம் என்று போனேன். அவர் மீட்டிங்கில் இருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் இருந்தார், நான் போகவில்லை. அதற்குள் எனக்கு வேறு யோசனைகள் வந்துவிட்டன. நான் கையெழுத்துப் போட்ட தாளை நானே பொய் என்று சொன்னால் வேலை போகும். வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் சூசை திரும்பி வந்துவிடுவாரா என்றும் ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வியும் விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டதல்ல. ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் செக்யூரிட்டி ஒரு கவரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கேட்டில் ஒரு அம்மா கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். உள்ளே கோடு போட்ட தாள், அதே முத்து முத்தான கையெழுத்து. அதே இரண்டு வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். கீழே இந்தத் தடவை பெயர் இருந்தது. ஸ்டெல்லா, காலம் சென்ற சூசையின் மனைவி, மண்ணூர். கூப்பிடுகிற நாளில் வருவதற்குத் தயாராக இருப்பதாக ஒரு வரி.

தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பர்சனல் ஆபீசர் உள்ளே வந்தார். ஏதோ தகட்டு ரிப்போர்ட் கேட்டு வந்தவர். என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன அது, யார் எழுதினது?" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எதிரே நின்றார், பெயர் என் கட்டை விரலுக்குக் கீழே இருந்தது.

"தெரியல சார். பேர் போடல" என்றேன்.

அப்படியானால் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். டிராயரிலிருந்த பழைய சீட்டையும் எடுத்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துக் கிழித்தேன். எழுந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, கூடை காலடியிலேயே இருந்தது.